மூணுதரத்தின் குரல்

இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களை வீட்டுக்குள் விடவே கூடாது. அலமாரியில் இடம் இல்லையென்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் நாம் தலைகீழாக நின்று தேடினாலும் ஒரு சாமான் கையில் அகப்படாது. மூணுதரத்தின் மாப்பிள்ளை அந்த ரகம். முந்தின நாள் சாயங்காலம் வந்தவர், மாமனாரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, "இடமே இல்ல மாமா, சிவப்புக் கோடு காட்டுது" என்று கவலைப்பட்டார். எங்கேயோ போய் எதையோ சொடுக்கினார். அங்கே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. டிரைவை அமுக்கி இடத்தை மிச்சப்படுத்தட்டுமா என்று அது கேட்டது. மாப்பிள்ளை டிக் போட்டார். "ராத்திரி பூரா ஓடட்டும் மாமா. காலையில பாருங்க, பறக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் அது பறக்கவில்லை. திரை கறுப்பாக இருந்தது. தலைப்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ஒரே ஓர் ஆங்கில வரி. பூட் மேனேஜர் அமுக்கப்பட்டிருக்கிறது, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி துவக்கு என்றது. மூணுதரம் அழுத்தினார். இருட்டானது, உறுமியது, அதே வரி வந்து நின்றது. மறுபடி அழுத்தினார். அதே வரி. சந்தையில் சில பேர் இப்படித்தான் சொன்ன விலையையே சொல்லிக்கொண்டு நிற்பார்கள்; அவர்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். இதை என்ன செய்ய? நாலு வார்த்தை கத்தினாலாவது மனசு ஆறும். கத்துவதற்கான குரலே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மூணுதரம் என்பது சந்தை வைத்த பெயர். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுவது அவர் தொழில். வெங்காய மூட்டையும் தக்காளிக் கூடையும் வரிசையாக வந்து நிற்கும். வியாபாரிகள் ஆளுக்கொரு விலை கேட்பார்கள். அதற்கு மேல் ஏற்றுகிறவர் யாரும் இல்லை என்றதும், கையிலிருக்கும் மரக்கட்டையால் மேசையில் ஓங்கித் தட்டி "ஒரு தரம்" என்பார். இன்னொரு தட்டு, "ரெண்டு தரம்." அங்கே கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தலில் பலபேருக்கு வியர்க்கும். மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் முடிந்தது. அதன் பிறகு காலில் விழுந்தாலும் சரக்கு திரும்பி வராது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் கடைசிக் கடை வரைக்கும் போகும். ஒலிபெருக்கி வாங்கித் தருகிறோம் என்று சங்கத்தார் வந்தபோது, "ஏன், என் தொண்டைக்கு என்ன கேடு?" என்று கேட்டுத் துரத்தியவர்.

வீட்டிலும் அதே தொண்டைதான். மூக்குக்கு மேல் கோபம். மகள் படுக்கையிலிருந்து எழ "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று கதவைத் தட்டுவார், மூன்றாவதை அவள் கேட்டதே இல்லை, அதற்குள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். சோறு தாமதமானால் தம்ளரால் மேசையைத் தட்டுவார். மனைவி ஓடி வருவாள். அவளைக் கூப்பிட அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது: "ஏய்." சண்டைக்கும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான். அவளும் பதில் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் அமைதியானவள் என்று சுற்றத்தில் பெயர். வாய் திறக்க இடம் கிடைக்காதவர்களுக்கும் அதே பெயர்தான் வைக்கிறார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்பெட்டியை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்து, "வீட்ல தினமும் பேசற வார்த்தைகளை உங்க குரல்லயே பதிஞ்சு வெச்சுக்கலாம். அப்புறம் பட்டனை அமுக்கினா நீங்களே பேசற மாதிரி இருக்கும்" என்றாள். மாதிரிக்குச் சில சொற்களைத் தாளில் எழுதியும் கொடுத்தாள்: வணக்கம், நன்றி, நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க. மூணுதரம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நான் என்னிக்கும்மா சொல்லியிருக்கேன்? நான் சொல்றதைத்தானே பதியணும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் சொல்வதையெல்லாம் சொன்னார். "டேய், மூட்டையைப் பிரிடா." "காது கேக்கலயா?" "எத்தனை தடவை சொல்றது?" "அறிவு இருக்கா உனக்கு?" "ஏய், இங்க வா." ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, திரை நிறைய வண்ண வண்ணப் பட்டன்களாக அடுக்கிக் கொடுத்தவர் மாப்பிள்ளைதான். அதையும் சொல்லிவிட வேண்டும். போனில் வைத்துத் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். போன் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது என்று மாமனார் தலையை ஆட்டிவிட்டார். அதனால் ஆள் உயரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் வந்தன. கழுத்துத் துளையின் மேல் சின்னத் துணியைக் கட்டிக்கொண்டு, வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட மனிதர், அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பழையபடி வீட்டை ஆண்டார். "எழுதிக் காட்டலாமே" என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு சிலேட்டும் இருந்தது. ஆனால் திட்டை எழுதிக்கொண்டிருக்க யாரால் முடியும்? எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறித் தொலைக்கிறது.

அப்பேர்ப்பட்ட பெட்டிதான் இப்போது கறுப்பாக நின்றது. மூணுதரம் போனில் செய்தி அனுப்ப, மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தார். மூன்று விசையையும் அவரும் அழுத்திப் பார்த்தார். அதே வரி.

"ஒரே ஒரு டிக்தான் மாமா போட்டேன்" என்றார்.

மூணுதரம் சிலேட்டில் எழுதினார்: "வேற காப்பி இருக்கா?"

மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் பார்த்தார். "இருந்துச்சு மாமா. இதே கம்ப்யூட்டர்லதான் இன்னொரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிருந்தேன். நேத்து இடம் பண்ணும்போது... ஒரே சரக்கு எதுக்கு ரெண்டு தடவைன்னு அதை அழிச்சிட்டேன்."

மூணுதரத்துக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. வேறு யாராக இருந்தாலும் சிலேட்டு தலையில் இறங்கியிருக்கும். இவர் மாப்பிள்ளை. 'வாங்க, போங்க' தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அடிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது, திட்டக் குரலும் இல்லை. மூச்சு கழுத்துத் துளை வழியாக உஸ் உஸ் என்று போய் வந்தது. அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் மாப்பிள்ளை போனை எடுத்துக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார். ஆன் ஆகவில்லை என்றார், அவசரம் என்றார், வழி சொன்னார், வாசலில் எந்தப் பக்கம் வண்டி நிறுத்தலாம் என்றுகூடச் சொன்னார். உள்ளே இருப்பது அழிந்துவிடக் கூடாது என்ற ஒன்றைத்தான் சொல்லவில்லை. பிறகு, எல்லாருக்கும் காபி வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மறைந்தார். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ரிப்பேர்காரரைச் சுற்றுவட்டாரத்தில் ஃபார்மட் என்பார்கள். எந்த நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவர் வந்தபோது மூணுதரம் பின்பக்கக் குழாயடியில், மூச்சு விடக் கழுத்துத் துளையில் வைத்திருந்த சின்னக் குழாயைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அது இடையில் விட்டுவிட்டு வரக்கூடிய வேலை இல்லை. முன்னறையில் ஃபார்மட் பேசுவது மட்டும் கேட்டது.

"ஏம்மா, இதுல முக்கியமா ஏதாவது இருக்கா?"

மனைவி சமையலறை வாசலிலிருந்து பதில் சொன்னாள். "ஒண்ணும் இல்ல. போட்டுடுங்க."

குழாயடியில் மூணுதரத்துக்குக் கை நின்றுவிட்டது. தப்பாகக் கேட்டோமா என்று நினைத்தார். இல்லை, அவள் குரல்தான், தெளிவாகத்தான் சொன்னாள். அவசர அவசரமாகக் குழாயைக் கழுத்தில் செருகி, துணியைக் கட்டியும் கட்டாமலும் உள்ளே ஓடினார். ஃபார்மட் தன் பென்டிரைவைச் செருகி, நீலத் திரையில் எதையோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். வேறொரு வாடிக்கையாளருக்கு வழி சொல்லியபடியே, பார்க்காமலே விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம்.

'நிறுத்து' என்று கத்த வாய் திறந்தது. காற்றுதான் வந்தது, அதுவும் கழுத்து வழியாக. மூணுதரம் டி.வி.க்கு மேலே இருந்த ஏலக் கட்டையை எடுத்தார். சந்தையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். மேசையில் ஓங்கி ஒரு தட்டு.

ஃபார்மட் திரும்பவில்லை. "இருங்க சார்" என்று கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

இரண்டாவது தட்டு. பேனா தாங்கி உருண்டு விழுந்தது. ஃபார்மட்டின் விரல் கடைசி விசைக்கு மேலே நின்றது.

மூன்றாவதற்குக் கட்டை உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே மூணுதரத்துக்கு உடம்பு கூசியது. மூன்றாவது தட்டு விழுந்தால் சரக்கு போய்விடும். வாழ்நாள் பழக்கம் அது. கட்டையை வீசிவிட்டு, குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"சார்! என்ன சார் இது, கரண்ட்டைப் பிடுங்கறீங்க?" ஃபார்மட் எழுந்துவிட்டார். "அம்மாதான் ஒண்ணும் இல்லைன்னாங்க."

மூணுதரம் அவரைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தார். சிலேட்டை எடுத்து, சாக்பீஸ் ஒடிய ஒடிய எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "அது போனா நான் ஊமை."

அவள் படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

"நான் இத்தனை வருஷம் என்னவா இருந்தேன்?" என்று கேட்டாள்.

ஃபார்மட் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கண்ணை உருட்டாதீங்க. உருட்டினா பயந்துக்கறவ நான் இல்ல இப்ப. ஆமா, நான்தான் சொன்னேன், போட்டுடுங்கன்னு. தெரிஞ்சேதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில நீங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, பக்கத்து பெஞ்சுல யார் இருந்தா? நான்தான். மாப்பிள்ளை எதிர்ல கூச்சப்படறாரு, அவர் வெளிய போனதும் சொல்லுவாரு. அந்தப் பொண்ணு போனதும் சொல்லுவாரு. கடைசியில சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'சோத்தைப் போடு.' சொல்லிட்டு மைக்கைக் கழட்டிக் குடுத்துட்டீங்க."

மூணுதரத்தின் கை சாக்பீஸைத் தேடியது. அவள் நிறுத்தவில்லை.

"வாயிருக்கு, என்னிக்காவது ஒருநாள் நல்லதா ஒண்ணு வரும்னு இருந்தேன். சிரிக்காதீங்க தம்பி, நெஜமாத்தான் இருந்தேன். இப்ப அந்த வாயும் இல்ல. இனிமே புதுசா ஒரு வார்த்தை வராது. வர வேண்டியதெல்லாம் அந்தப் பெட்டியில வந்தாச்சு, அதுல எனக்குன்னு இருக்கறது 'ஏய்' ஒண்ணுதான். முன்னெல்லாம் திட்டுவீங்க, களைச்சுப்போய் அரைமணியில மறந்துருவீங்க. இப்ப பட்டனுக்குக் களைப்பு உண்டா? என்னிக்கோ பட்ட கோபம், இன்னிக்கும் அதே சத்தத்துல வந்து விழுது. அதை நான் சாகற வரைக்கும் கேக்கணும், அதைப் பத்திரமா வேற வெச்சுக்கணுமா?"

சிரிக்காத ஃபார்மட் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கப் பேசின.

மூணுதரத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாப்பிள்ளை மேல், டிக் போட்ட கட்டத்தின் மேல், எதிரே நிற்கிற ஃபார்மட் மேல், அவள் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் சொன்னதில் மறுக்க ஒரு சொல் அகப்படவில்லையே என்று.

"சார்," ஃபார்மட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஃபார்மட் போடாமயும் சரி பண்ணலாம். நேரம் ஆகும், அவ்வளவுதான்."

வேறு வழி இருந்ததா! இருந்தும் துடைத்தெறியப் பார்த்தானா! மூணுதரம் சிலேட்டைத் தூக்கினார்; எழுத வேண்டியது அந்தச் சிலேட்டில் கொள்ளாது என்று தெரிந்து கீழே வைத்தார். பிளக்கைத் தானே செருகிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபார்மட்டின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கட்டை மடியில் இருந்தது. அப்படி ஒரு மேற்பார்வையில் ஃபார்மட் அதுவரை வேலை செய்ததில்லை.

தானாகவே சரிசெய்துகொள்ளும் வழியை முதலில் பார்த்தார்கள். அது வெகுநேரம் சுற்றிவிட்டு, கோளாறு எதுவும் தெரியவில்லை என்றது. கண்ணெதிரே கிடக்கிற கோளாறு தெரியவில்லையாம்! ஃபார்மட் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து எழுத்து எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார். பயத்தில் பேச்சும் சேர்ந்து வந்தது.

"கம்ப்யூட்டர் எழுந்ததும் முதல்ல ஒரு ஃபைலைத் தேடும் சார். அதுதான் மத்ததையெல்லாம் எழுப்பி விடும். மத்த ஃபைலை எல்லாம் அமுக்கி வெச்சா தப்பில்ல, வேணுங்கறப்ப பிரிச்சுக்கும். உங்க மாப்பிள்ளை போட்ட டிக்குல இதுவும் சேர்ந்து அமுங்கிப்போச்சு. மூட்டையை அவுக்க வேண்டியவனையே மூட்டைக்குள்ள வெச்சுக் கட்டியாச்சு. அவன் எப்படி எழுந்து வருவான்? நாம என்ன பண்றோம்னா, அவனை ஓரமா நகர்த்திட்டு, என் பென்டிரைவ்ல அமுங்காத நல்ல ஃபைல் ஒண்ணு இருக்கு, அதைக் கொண்டுபோய் அந்த இடத்துல வைக்கறோம். உள்ள இருக்கறது எதையும் தொட மாட்டேன் சார், சத்தியமா."

பழையதற்குப் பெயரை மாற்றினார். புதியதை நகலெடுத்தார். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி துவக்கினார். இருட்டானது. உறுமியது. மூணுதரத்தின் விரல் கட்டையைச் சுற்றி இறுகியது. அந்த வெள்ளை வரி வரும் இடத்தையே வெறித்துப் பார்த்தார். அது வரவில்லை. வண்ணச் சின்னம் ஒன்று மலர்ந்து, பிறகு பேத்தியின் படம் திரை முழுக்க வந்தது.

சொல்லி வைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை பிளாஸ்க்குடன் உள்ளே வந்தார். ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு, குரல் கோப்புகளைப் பென்டிரைவில் ஒரு நகல் போட்டுக் கொடுத்து, "இதைக் கம்ப்யூட்டர்லயே வெச்சிடாதீங்க" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் தப்பித்துப் போனார்.

மாப்பிள்ளை பட்டன் ஒன்றை அமுக்கிப் பார்த்தார். "டேய், மூட்டையைப் பிரிடா!" என்று இரண்டு ஸ்பீக்கரும் அதிர்ந்தன. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துருச்சு மாமா. ஒண்ணும் போகல. என்னை நல்லாத் திட்டுங்க. எந்தப் பட்டனை வேணா அமுக்குங்க, நான் நிக்கறேன்" என்று கைகட்டி நின்றார்.

மூணுதரம் மவுஸைப் பிடித்தார். திட்ட வேண்டும்தான். ஆனால் இருந்ததெல்லாம் டா போட்ட திட்டு. மாப்பிள்ளைக்கு மரியாதையாக ஒரு வசவு வேண்டுமே! 'அறிவு இருக்காங்க உங்களுக்கு' என்று ஒன்றைப் பதிந்து வைக்கத் தோன்றவில்லையே! முதல் வரிசையில் தேடினார், இல்லை. இரண்டாவது வரிசைக்கு வந்தார். அந்த வரிசை அவளுடையது. "காது கேக்கலயா?" "எத்தனை தடவை சொல்றது?" "சோத்தைப் போடு." "தண்ணி." "எங்க வெச்ச?" மாப்பிள்ளையை மறந்துவிட்டார். மூன்றாவது வரிசை, நான்காவது. கடைசி வரைக்கும் போனார். ஒரு 'சாப்பிட்டியா' இல்லை. 'இரு, நான் பாத்துக்கறேன்' இல்லை. அவள் பெயர் இல்லை. அத்தனை பெரிய தொண்டையால் கூட்டிச் சேர்த்துவைத்த சரக்கில் அவளுக்கென்று நீட்ட ஒன்றுமில்லை. இதற்காகவா கரண்ட்டைப் பிடுங்கினோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில், வேறு கிடைக்காமல், "ஏய், இங்க வா"வை அமுக்கினார்.

குரல் சமையலறைச் சுவரில் போய் மோதியது. பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வரவில்லை. எப்போதும் ஓடி வருகிறவள் வரவில்லை. பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"அத்தை, மாமா கூப்பிடறாங்க" என்றார் மாப்பிள்ளை. மூணுதரம் அவரைக் கையமர்த்தினார். மடியிலிருந்த கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த வீட்டில் அவள்தான் அவரிடம் வருவாள். அவர் அவளிடம் போய் நின்ற நாள் அவருக்கு ஞாபகம் இல்லை. சமையலறை வாசலில் நின்று, கதவு நிலையில் தட்டினார். ஓங்கி அல்ல, ஒருவர் வீட்டுக்குப் போனால் தட்டுவோமே, அப்படி.

அவள் திரும்பவில்லை.

இன்னொரு தட்டு.

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பி, அவரையும் கட்டையையும் பார்த்தாள். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"மூணாவது தட்டாதீங்க," என்றாள். "நான் இன்னும் விலையே சொல்லல."

மூணுதரம் கட்டையை அடுப்பு மேடையில் வைத்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.